குடியிருப்பு வாட்ஸப் குழுவில் எமோஜி தகராறு: நடைமுறைக் குறிப்பில் என்ன எழுதலாம்?

தொட்டிச்செயலர் (கேள்வி)

எங்கள் அடுக்ககத்தில் 96 வீடுகள், நலச் சங்கத்துக்கு ஒரே வாட்ஸப் குழு. கல்லூரிப் பிள்ளைகளிலிருந்து எண்பதை நெருங்கும் ஓய்வூதியக்காரர்கள் வரை எல்லாரும் அதில்தான். புதுச் செயற்குழு குழுவுக்கு நடைமுறைக் குறிப்பு எழுதுகிறது. எமோஜி பகுதியை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அடிக்கடி உரசல் வரும் இடங்கள் மூன்று. இரங்கல் செய்திக்குக் கீழே 😂 வந்து விழுகிறது. லிஃப்ட், தண்ணீர் என்று யாராவது குறை எழுதினால் நிர்வாகிகள் வெறும் 👍 போடுகிறார்கள். அதற்குப் பொருள் 'பார்த்தாச்சு'வா, 'செய்து தருகிறோம்' என்பதா, 'சரி, போதும்' என்பதா என்று தனி விவாதம் ஓடுகிறது. மூன்றாவது இந்த 🙂. மரியாதைக்குப் போட்டோம் என்கிறார்கள் பெரியவர்கள், குத்திக்காட்டுகிறார்கள் என்கிறார்கள் சின்னவர்கள்.

'குழுவில் எமோஜி கூடாது' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்பது பொருளாளர் கட்சி. அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. எது, எங்கே, ஏன் கெடுகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் எழுதச் சுலபமாக இருக்கும்.

---

எழுத்துருக்காரன்

😂 பிரச்சினையை 'பெரியவர்களுக்குத் தெரியவில்லை' என்று தள்ளிவிடாதீர்கள். பாதிக்குமேல் அது பார்வை சார்ந்தது. வரிக்குள் வரும் எமோஜி எழுத்தின் உயரம்தான் இருக்கும். அந்த அளவில் வெள்ளெழுத்துக் கண்ணுக்குத் தெரிவது ஒரு மஞ்சள் வட்டம், அதில் நீலத் துளி. துளி என்றால் கண்ணீர், கண்ணீர் என்றால் துக்கம். கணக்கு நியாயமானதுதான்.

பார்க்க வேண்டியது வாயை. 😂-இல் வாய் அகலத் திறந்து மேல்வரிசைப் பல் தெரியும். இரண்டு கண்ணோரத்திலும் ஒவ்வொரு துளி. 😢-இல் ஒரே துளி, ஒரு கண்ணுக்கு மட்டும் கீழே; வாய் கவிழ்த்த பிறை. 😭-இல் துளியே கிடையாது, இரண்டு கண்ணிலிருந்தும் ஓடைபோல இறங்கும். ஆனால் இந்த 😭-ஐ இளையவர்கள் 'சிரித்துச் சிரித்து அழுகிறேன்' என்ற பொருளிலும் போடுகிறார்கள், அதனால் இரங்கலுக்கு அதுவும் உகந்ததில்லை.

எல்லாத் துளியும் கண்ணீரும் இல்லை. 😪-இல் துளி மூக்கிலிருந்து வருகிறது. ஜப்பானியச் சித்திரக்கதைகளில் ஒருவர் தூங்குகிறார் என்று காட்ட மூக்கில் ஒரு குமிழி வரைவார்கள், அந்த மரபு. எழுத்துகளுக்கும் எமோஜிகளுக்கும் எண்ணும் பெயரும் தரும் உலகத் தரமான யூனிகோடில் இதன் பெயரே 'தூக்கக் கலக்க முகம்' என்ற பொருளில்தான் இருக்கிறது. இரங்கலுக்கு இதைப் போடுகிறவர் 'தூக்கம் வருகிறது' என்கிறார், பாவம். 😓, 😅 இரண்டிலும் இருப்பது வியர்வை. 😤 மூக்கில் புகை விடுகிறதே, அது கோபம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். 2010-இல் யூனிகோட் 6.0-இல் சேர்த்தபோது வைத்த பெயர் வெற்றிப் பெருமிதத்தைக் குறிப்பது.

ஏன் இத்தனை ஜப்பான் வாடை என்றால், பிறந்த வீடு அது. 1999-இல் ஜப்பானியக் கைபேசி நிறுவனமான என்டிடி டோகோமோவின் ஐ-மோடு என்ற கைபேசி இணையச் சேவைக்காக ஷிகேதகா குரிதா 176 படங்கள் வரைந்தார், ஒவ்வொன்றும் 12-க்கு 12 புள்ளிக் கட்டத்துக்குள். 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. ஆங்கிலத்தில் உணர்ச்சியைக் குறிக்கும் சொல்லோடு இதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒலி தற்செயலாக ஒத்துப்போனது, அவ்வளவுதான்.

அடுத்தது கருவி. யூனிகோட் கொடுப்பது எண்ணும் பெயரும், ஒரு மாதிரிப் படமும். திரையில் தெரியும் முகத்தை வரைவது ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக. 2016-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். அன்றைய 😁 ஆப்பிளில் பல்லைக் கடித்து வலி பொறுப்பதுபோல இருந்தது, மற்றவற்றில் நல்ல சிரிப்பு. அனுப்பியவர் நட்பாக இளித்தது எதிரே பல்லைக் கடிப்பதாகப் போய்ச் சேரும். அதே ஆண்டு ஐஓஎஸ் 10-இல் ஆப்பிள் மாற்றிக்கொண்டது. சாம்சங்கின் 🙄 2018 வரை சலிப்பாகவே தெரியாது, எதையோ யோசித்துப் புன்னகைப்பதுபோல இருக்கும். ஆனால் அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது வேறு: ஒரே நிறுவனத்தின் ஒரே படத்தைக் காட்டியபோதும், அது நல்லதா கெட்டதா நடுநிலையா என்பதில் நாலில் ஒரு பங்கு நேரம் ஆட்கள் உடன்படவில்லை. எல்லாருக்கும் ஒரே போனை வாங்கிக் கொடுத்தாலும் உங்கள் தகராறு முழுசாகத் தீராது.

வாட்ஸப் ஆண்ட்ராய்டில் தன் சொந்தப் படங்களைக் காட்டுகிறது, ஐபோனில் ஆப்பிளுடையதை. இரண்டும் சாயலில் நெருக்கம், அதனால் குழுவுக்குள் வேறுபாடு குறைவு. ஆனால் மேலே இறங்கும் அறிவிப்புப் பட்டையில் தெரிவது அந்தப் போனின் எழுத்துரு. செய்தியைத் திறக்காமல் பட்டையில் மட்டும் படிக்கிறவர் பார்ப்பது வேறு முகமாக இருக்கலாம்.

பழைய போன்களில் இன்னொன்று நடக்கும். 😮‍💨 என்ற பெருமூச்சு முகம் 2020-இல் வந்த எமோஜி 13.1 பட்டியலில் சேர்ந்தது. அது தனி எழுத்தில்லை; வியப்பு முகத்தையும் காற்று வீச்சையும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பி ஒட்டவைத்திருக்கிறது. பழைய மென்பொருளுக்கு அந்த ஒட்டு புரியாது, 😮💨 என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். 'அப்பாடா' என்று நீங்கள் மூச்சுவிட்டது, அங்கே 'ஐயையோ' என்று வாய்பிளப்பதாகத் தெரியும். முழுக்கத் தெரியாததென்றால் வெறும் கட்டம் வரும். பொது அறிவிப்புகளில் பழைய, தனித்த எமோஜிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

---

சொல்வண்டு

எழுத்துருக்காரன் சொன்னதெல்லாம் சரி. நான் தமிழ்ப் பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மூன்றாவது பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

தமிழில் தொனி பெரும்பாலும் சொல்லின் வாலில் தொங்குகிறது. 'சரி', 'சரிங்க', 'சரிப்பா', 'சரி சரி', 'சரி விடுங்க': ஐந்தும் ஐந்து மனநிலை. 'வருவீங்களா' என்பது கேள்வி, 'வருவீங்கல்ல' என்பது எதிர்பார்ப்பு, 'வருவீங்கதானே' என்பதில் கொஞ்சம் சந்தேகம். நாஞ்சில் நாட்டுப் பக்கம் ஓர் 'ஆக்கும்' சேர்த்தால் அதற்கு மேல் எந்த முகமும் தேவையில்லை. கைபேசியில் அவசரமாகத் தட்டும்போது முதலில் உதிர்வது இந்த வால்தான். 'நாளைக்கு வரவும்', 'பார்க்கிறேன்', 'சரி' என்று தந்தி மொழி வருகிறது. உதிர்ந்த 'ங்க'வுக்குப் பதிலாகத்தான் பெரியவர்கள் 🙂 போடுகிறார்கள். அவர்களுக்கு அது மரியாதை விகுதி!

இளையவர்கள் அதைப் படிக்கும் விதம் வேறு. 😊-இல் கண் வளைந்திருக்கும், கன்னம் சிவந்திருக்கும். 🙂-இல் கண் இரண்டும் வெறும் புள்ளி, உதடு மட்டும் சற்றே வளைந்திருக்கும். நம் பேச்சிலேயே இதற்குப் பெயர் இருக்கிறது: உதட்டுச் சிரிப்பு. 'பரவாயில்லை 🙂' என்றால் 'பரவாயில்லாமல் இல்லை, நினைவில் வைத்துக்கொள்கிறேன்' என்று அவர்கள் எடுத்துக்கொள்வதில் முகத்தின் வரைவுக்கும் பங்கு உண்டு. சீன இளைஞர்களிடையேயும் இந்தச் சிரிப்புக்கு ஏளனப் பொருள்தான்.

ஆக, விகுதியை முழுசாக எழுதச் சொல்லுங்கள், எமோஜி அதற்கு மேல் வரட்டும். 'நாளைக்குள் சந்தா கட்டவும் 🙂' என்பதில் சொல் அதட்டுகிறது, முகம் சிரிக்கிறது. சொல்லும் முகமும் எதிரெதிராக நின்றால் படிப்பவர் குத்தலைத்தான் முதலில் எடுப்பார். 'நாளைக்குள் சந்தா கட்டிவிட்டால் உதவியாக இருக்கும்ங்க' என்றால் எமோஜி இல்லாமலே வேலை முடிந்தது. இதே காரணத்தால் 'ரொம்ப நல்லா இருக்கு 👏👏' என்பதைப் பாராட்டாக நினைத்துப் போடாதீர்கள். எதைப் பாராட்டுகிறீர்கள் என்று சொல்லாவிட்டால் அது நக்கல். 'மாடித் தோட்டத்தில் வைத்த கறிவேப்பிலை நல்லா தழைச்சிருக்கு 👏' என்று பொருளைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டால் சந்தேகம் போய்விடும்.

சிரிப்பைப் பற்றி ஒன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்க நான்கு காரணம் சொல்வார்கள்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலில் வைத்திருப்பதே எள்ளல். 😂 அந்த நான்கையும் ஒரே முகத்தில் சுமக்கிறது. ஒருவர் தன் குறையை எழுதிய இடத்தில் அதைப் போட்டால் மற்ற மூன்றும் யாருக்கும் தோன்றாது. துணுக்குக்கும் வேடிக்கைப் படத்துக்கும் தாராளமாகப் போடட்டும். குறைக்குக் கீழே வேண்டாம்.

---

மேசைவிளக்கு

எமோஜியே வேண்டாம் என்கிற பொருளாளருக்கு: எமோஜி இல்லாத காலத்து மின்னஞ்சலிலும் இதே சண்டைதான். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் ஜஸ்டின் க்ரூகரும் உடனிருந்தவர்களும் கிண்டல் வரிகளையும் நிஜ வரிகளையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். எதிரே இருப்பவர் 78 விழுக்காடு சரியாகப் பிடித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். பிடித்தது 56. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலிக்கிறது, படிக்கிறவருக்கு அது கேட்பதில்லை. இதே காரணத்துக்காகத்தான் 1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன், வேடிக்கைக்கு :-) என்ற குறியைப் போடலாம் என்று கணினி அறிவிப்புப் பலகையில் எழுதினார். எமோஜியைத் தடை செய்தால் சண்டை முற்றுப்புள்ளிக்கு இடம் மாறும். 'சரி.' என்று புள்ளி வைத்தால் கோபமா என்று கேட்கிற தலைமுறை இது.

---

கறுப்பங்கி

👍 பற்றி நீதிமன்றங்கள் சொன்னதே இருக்கிறது, அதுவும் ஒன்றுக்கொன்று நேரெதிராக.

கனடாவின் சஸ்காட்சவன் மாகாணத்தில் 2021 மார்ச்சில் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனம் 87 டன் ஆளிவிதைக்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து, 'ஒப்பந்தத்தை உறுதி செய்யவும்' என்று விவசாயிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது. அவர் 👍 போட்டார். விளைபொருள் வரவில்லை, அதற்குள் விலை ஏறிவிட்டது. 'செய்தி கிடைத்தது என்றுதான் போட்டேன்' என்றார் அவர். 2023 ஜூனில் நீதிமன்றம் அதைக் கையெழுத்துக்குச் சமம் என்று கொண்டு 82,200 டாலர் சொச்சம் இழப்பீடு கட்டச் சொன்னது. 2024 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அது நின்றது. இதில் முக்கியமானது பழைய வழக்கம்: முந்தைய ஒப்பந்தங்களுக்கு அவர் 'சரி', 'ஆமா' என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டுச் சரக்கும் கொடுத்திருந்தார். கட்டைவிரல் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.

இங்கே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 மார்ச்சில் வேறு மாதிரி பார்த்தது. மேலதிகாரி கொலையான செய்தி வந்த வாட்ஸப் குழுவில் 👍 போட்டதற்காக ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தார். கட்டைவிரல் 'ஓகே' என்ற சொல்லுக்கு மாற்றாக, செய்தியைப் பார்த்தேன் என்ற அளவில் எடுத்துக்கொள்ளத் தக்கது, கொலையைக் கொண்டாடியதாகாது என்று சொல்லி, அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கச் செய்த தீர்ப்பை உறுதி செய்தது.

ஆக ஓரிடத்தில் ஒப்புதல், ஓரிடத்தில் 'கண்டேன்'. இரண்டுமே சூழலை வைத்து முடிவானவை. சங்கத்துக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது சின்ன விஷயம்தான்: பணம் சம்பந்தப்பட்ட எதையும் கட்டைவிரலில் விடாதீர்கள். 'மோட்டார் பழுதுக்கு 12,500 ரூபாய், சம்மதமா?' என்று கேட்டு 40 பேர் 👍 போட்டால், அதில் எத்தனை பேர் சம்மதம், எத்தனை பேர் சும்மா பார்த்தவர்கள் என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10அ பிரிவுப்படி மின்வழியில் செய்த ஒப்பந்தம் என்பதற்காக மட்டும் அது செல்லாததாகிவிடாது. அதனால் 'வெறும் வாட்ஸப்தானே' என்ற தைரியமும் வேண்டாம்.

---

செவிவழி

யாரும் தொடாத ஒன்று. திரையைக் காதால் படிப்பவர்கள் உங்கள் குழுவில் இருக்கலாம். டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற திரைபடிப்பான்கள் ஒவ்வொரு எமோஜியையும் பெயர் சொல்லி வாசிக்கும். தொடர்ந்து பத்து கைதட்டல் போட்டால் பத்து முறை 'கைதட்டல்' கேட்டு முடிக்க வேண்டியிருக்கலாம். 'நாளை 🚰 வராது' என்று சொல்லுக்குப் பதில் படம் வைத்தால் வாக்கியமே உடைந்துவிடும். சொல்லை எழுதி, எமோஜியை வரியின் கடைசியில் வையுங்கள், ஒன்று அல்லது இரண்டு.

இன்னொரு வேடிக்கை: நாம் முகத்தைப் பார்த்து ஊகிக்கிறோம், திரைபடிப்பான் பெயரைச் சொல்கிறது. இரங்கலில் விழுந்த 😂-ஐ அது ஒளிவுமறைவில்லாமல் ஆனந்தக் கண்ணீர் என்று வாசித்துவிடும்.

---

தொட்டிச்செயலர்

எல்லாருக்கும் நன்றிங்க. (விகுதி கவனித்தீர்களா, சொல்வண்டு!) இரண்டு சந்தேகம். தவறி விழுந்த எமோஜியை எடுப்பது எப்படி என்று பெரியவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பத்தி வேண்டும். 👍-க்குப் பதில் நிர்வாகிகள் என்ன போட வேண்டும்?

---

எழுத்துருக்காரன்

இரண்டு வகை இருக்கிறது, அதைப் பிரித்து எழுதுங்கள். ஒன்று, செய்தியாகவே அனுப்பிய எமோஜி. இன்னொன்று, மற்றவர் செய்தியின் கீழ்விளிம்பில் ஒட்டும் எதிர்வினை.

செய்தியைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் மேலே ஒரு பட்டை வரும்: 👍 ❤️ 😂 😮 😢 🙏. 2022 மே மாதம் எதிர்வினை வசதி வந்தபோது இருந்த ஆறு இவைதான். 😂-க்கும் 😢-க்கும் நடுவே ஒரே ஒரு முகம்தான் இருக்கிறது, விரல் சற்று நகர்ந்தால் போதும். இரங்கலுக்கு இந்த ஆறில் கடைசியாக இருக்கும் கூப்பிய கையை மட்டும் தொடச் சொல்லுங்கள். 😂-இலிருந்து தள்ளி இருப்பதால் தவறுவது குறைவு, பொருளிலும் மயக்கமில்லை. தவறிவிட்டால், செய்தியின் கீழே ஒட்டியிருக்கும் எமோஜியைத் தொட்டால் யார் யார் போட்டது என்று பட்டியல் வரும்; அதில் தன் பெயரைத் தொட்டால் போய்விடும். மாற்றத்தான் வேண்டுமென்றால் நீக்கக்கூடத் தேவையில்லை, மறுபடி அழுத்திச் சரியானதைத் தொட்டால் பழையதன் இடத்தில் புதியது வரும். ஒரு செய்திக்கு ஒருவருக்கு ஒரு எதிர்வினைதான்.

செய்தியாக அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அதற்கு மேல் என்றால் 'எல்லாருக்கும் நீக்கு'. அட்மின்களும் அடுத்தவர் செய்தியை நீக்க முடியும். சிவப்பு இதயத்தைத் தனியாகச் செய்தியாக அனுப்ப வேண்டாம் என்றும் ஒரு வரி போடுங்கள். தனியே போனால் அது பெரிதாகித் துடிக்கவும் செய்யும். வாட்ச்மேன் மாற்றல் பற்றிய அறிவிப்புக்கு அது கொஞ்சம் அதிகம்.

---

சொல்வண்டு

👍 விஷயத்துக்கு நான் சொல்வது: எதிர்வினையாக 👍 இருக்கட்டும், அதற்குப் பொருள் 'படித்தேன்' என்று மட்டும் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். குறைக்குப் பதில் என்றால் நிர்வாகி மூன்று விஷயம் எழுத வேண்டும்: யார் பார்க்கிறார், எப்போது, அடுத்த தகவல் எப்போது. 'லிஃப்ட் ஆளிடம் சொல்லியாச்சுங்க, மாலை 4 மணிக்கு வருகிறார், பார்த்துவிட்டு 6 மணிக்கு எழுதுகிறேன்.' இதற்கு மேல் எந்த முகமும் வேண்டியதில்லை.

வாக்கெடுப்புக்குக் குழுவிலேயே கருத்துக்கணிப்பு வசதி இருக்கிறது. இணைப்புக் குறியைத் தொட்டால் கிடைக்கும். 'சம்மதம்', 'சம்மதமில்லை', 'விவரம் வேண்டும்' என்று மூன்று தெரிவு கொடுங்கள். பல விடை அனுமதிக்கும் பொத்தானை மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிலர் மூன்றையும் தொட்டுவைப்பார்கள். 12,500 ரூபாய் கதை அங்கேயே முடிந்துவிடும்.

---

கறுப்பங்கி

கணிப்பு முடிந்ததும் முடிவைச் சொற்களில் எழுதி ஒரு செய்தியாகப் போட்டுவிடுங்கள்: தேதி, தொகை, எத்தனை பேர் சம்மதம். சங்கத்தின் நிகழ்ச்சிப் பதிவேட்டிலும் அதே வரிகள் ஏறட்டும்.

---

தொட்டிச்செயலர்

வரைவு தயார். முதல் அறிவிப்பையே புது முறையில் எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

'அன்பு உறவுகளே, மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்வதால் ஞாயிறு காலை 10 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை தண்ணீர் வராது. முன்னதாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சிரமத்துக்கு வருந்துகிறோம்ங்க 🙂'

---

சொல்வண்டு

'வருந்துகிறோம்' என்று சொல்லிவிட்டு உதட்டில் சிரிக்கிறீர்களே! அந்தக் கடைசி முகத்தை எடுத்துவிட்டு அனுப்புங்கள், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது.